ஒயின் வாங்கப் போகிறீர்களா? பெயரை விடுங்கள், நாக்கைக் கேளுங்கள்

ஒயின் அலமாரிக்கு முன்னால் நின்று முழிக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார்கள். லேபிள் அழகாக இருக்கிற பாட்டிலை எடுக்கிறார்கள், இல்லாவிட்டால் விலையில் நடுவாக இருப்பதை எடுக்கிறார்கள். சில நேரம் நல்லது மாட்டும், ஆனால் எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று தெரியாததால் அடுத்த முறையும் அதே முழிதான். சரி, படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று திராட்சைப் பெயர், ஊர்ப் பெயர், வருடம் என மனப்பாடம் செய்ய ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது. இத்தாலியில் மட்டும் நூற்றுக்கணக்கான திராட்சை வகைகளில் ஒயின் போடுகிறார்கள்.

அதனால் வேறு வழியாகப் போகலாம். உங்களுக்கு எந்த மாதிரி ஒயின் பிடிக்கும் என்பதை நாலு விஷயத்தில் சொல்லிவிட முடியும்: இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, கனம். சாப்பாட்டோடு சேருமா சேராதா என்பதையும் பெரும்பாலும் இந்த நாலுதான் முடிவு செய்கின்றன. சிவப்பா வெள்ளையா என்ற கேள்வியெல்லாம் அப்புறம்.

நாலையும் பிரித்துப் பார்ப்பது

இனிப்பில்தான் குழப்பம் அதிகம். பழ வாசனை தூக்கலாக இருக்கிற ஒயினைக் குடித்துவிட்டு "இனிப்பா இருக்கே" என்று சொல்கிறவர்கள் நிறைய பேர், ஆனால் அதில் சர்க்கரை கிட்டத்தட்ட இல்லாமலேகூட இருக்கலாம். பழுத்த பழத்தின் வாசனை மூக்கில் ஏறியதுமே மூளை இனிப்பு என்று முடிவுகட்டி விடுகிறது. சோதித்துப் பார்ப்பது சுலபம். மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். அப்போதும் நாக்கில் இனிப்பு நின்றால் அது நிஜமான சர்க்கரை. மூக்கைப் பிடித்ததும் இனிப்பு காணாமல் போய் புளிப்பு மட்டும் மிஞ்சினால் அது டிரை ஒயின், இனிப்பு என்று சொன்னது உங்கள் மூக்குதான். திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. தின்று தீர்த்துவிட்டால் டிரை, பாதியில் நின்றுபோனால் மிச்சமிருக்கும் சர்க்கரை நமக்கு இனிப்பாகத் தெரியும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி நுரையில்லாத ஒயினில் லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை இருந்தால் டிரை (புளிப்பு அதற்கேற்ற அளவு இருந்தால் 9 கிராம் வரைகூட அனுமதி உண்டு), 45 கிராமும் அதற்கு மேலும் என்றால் இனிப்பு ஒயின்.

நுரை ஒயின் வாங்கும்போது ஒரு இடத்தில் கவனம் வேண்டும். லேபிளில் 'எக்ஸ்ட்ரா டிரை' என்று பார்த்ததும் இதில் இனிப்பே இருக்காது என்று நம்பி எடுப்பார்கள். உண்மையில் 'ப்ரூட்' என்று போட்டிருப்பதுதான் அதைவிடக் குறைந்த இனிப்பு. ப்ரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குள், எக்ஸ்ட்ரா டிரை என்றால் 12 முதல் 17 கிராம், டெமி செக் என்றால் 32 முதல் 50 கிராம். யார் இந்தப் பெயர்களை வைத்தார்களோ, குடிக்கிறவர்களைக் குழப்ப வேண்டும் என்றே வைத்தது போல இருக்கிறது.

புளிப்பைக் கண்டுபிடிக்க, விழுங்கின பிறகு தலையைக் கொஞ்சம் குனிந்து வாயைக் கவனியுங்கள். நாக்கின் அடியிலும் கன்னத்தின் உள்பக்கமும் எச்சில் எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு புளிப்பு. திராட்சை பழுக்கப் பழுக்க சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும், வெயில் அதிகமான இடத்தில் இது வேகமாக நடக்கும். அதனால்தான் குளிர்ந்த பகுதி ஒயின்கள் பொதுவாகச் சுரீரென்றும், வெப்பமான பகுதி ஒயின்கள் மெத்தென்றும் இருக்கும்.

துவர்ப்பு இதற்கு நேர் எதிர், வாயை உலர வைக்கும். பால் ஊற்றாத கடுந்தேநீர் குடித்த பிறகு ஈறும் மேலுதட்டின் உள்பக்கமும் சொரசொரப்பாக ஆகுமே, அதுதான். திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின்கள் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதன் வழுவழுப்பை எடுத்துவிடுகின்றன. சிவப்பு ஒயினைத் தோலோடு சேர்த்து நொதிக்க விடுகிறார்கள், வெள்ளைக்குச் சாற்றை முன்னாலேயே பிழிந்து பிரித்துவிடுகிறார்கள், ஆகவே துவர்ப்பு பெரும்பாலும் சிவப்பின் சமாசாரம். ஓக் பீப்பாயில் வைத்தால் மரத்திலிருந்தும் கொஞ்சம் வரும்.

கனம் என்பது வாயில் எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்பது. அதற்கு நாக்குகூடத் தேவையில்லை, லேபிளில் இருக்கும் ஆல்கஹால் சதவீதத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். 11.5க்குக் கீழே என்றால் லேசானது, 12 முதல் 13.5 என்றால் நடுத்தரம், 14க்கு மேல் என்றால் கனமானது. துல்லியமான கணக்கு இல்லை, ஆனால் கடையில் நிற்கும்போது இதைவிடப் பயனுள்ள எண் அந்தப் பாட்டிலில் வேறு எதுவும் கிடையாது. வருடம்கூட இந்த அளவுக்கு உதவாது.

நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். பரோலோ என்ற இத்தாலிய ஒயின் கிளாஸில் பார்க்க வெளிறிய சிவப்பாக, அப்பாவியாக இருக்கும். வாயில் வைத்தால் ஈறு இழுத்துக்கொள்ளும் அளவுக்குத் துவர்ப்பு. அதைப் போடுகிற நெபியோலோ திராட்சையின் குணம் அப்படி. கண் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு 2001இல் வெளியான ஒரு ஆய்வு இருக்கிறது. பிரான்சின் போர்தோவில் ஒயின் பற்றிப் படிக்கிற 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்கிற வாசனைகளையே அதற்கும் எழுதினார்கள், படிக்கிற பிள்ளைகளே!

உங்களுக்கு எது பிடிக்கும்

இதைத் தனியாக ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு கண்டுபிடிப்பது கஷ்டம். ஒரே நேரத்தில் இரண்டு கிளாஸ் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நாக்கு உடனே வித்தியாசம் சொல்லிவிடும், அதே இரண்டை ஒரு வார இடைவெளியில் குடித்தால் எதுவும் நினைவில் நிற்காது. நண்பர்கள் சேர்ந்து ஆளுக்கொரு பாட்டில் வாங்கினால் செலவும் பங்காகும். இரண்டு ஜோடி போதும். முதல் ஜோடி வெள்ளை, ஒரு சோவின்யோன் பிளாங்க், ஓக் பீப்பாயில் வைத்த ஒரு ஷார்டனே. முன்னது மெலிந்து புளிப்பாக இருக்கும், பின்னது கனத்து, வெண்ணெய் மாதிரி ஒரு வாசனையோடு உருண்டையாக இருக்கும். அந்த வெண்ணெய் வாசனை ஒன்றும் கலப்படம் இல்லை, கூர்மையான மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும்போது கூடவே வருவது. இரண்டாவது ஜோடி சிவப்பு, ஒரு பினோ நுவார், ஒரு கபர்னே சோவின்யோன். இங்கே வித்தியாசம் துவர்ப்பில். எந்த கிளாஸ் முதலில் காலியாகிறது என்று பாருங்கள், வாய் என்ன சொன்னாலும் கை பொய் சொல்லாது.

அதன் பிறகு பெயர்களைத் தொடலாம், அதுவும் உங்களுக்குத் தேவையானதை மட்டும்.

புளிப்பான, லேசான வெள்ளை பிடித்தால் சோவின்யோன் பிளாங்கில் ஆரம்பித்து (நியூசிலாந்தின் மார்ல்பரோவில் வருவது வாசனையில் ஆர்ப்பாட்டமானது, பிரான்சின் சான்செர் அடக்கமானது) அல்பரீன்யோ, கிரூனர் வெல்ட்லினர், சாப்ளி என்று நகரலாம். கனமான வெள்ளைக்கு ஓக்கில் வைத்த ஷார்டனே, வியோன்யே. கொஞ்சம் இனிப்பு இருந்தால் தேவலை என்பவர்களுக்கு ஜெர்மன் ரீஸ்லிங்கில் பாதி, லுவார் பள்ளத்தாக்கின் வூவ்ரே டெமி செக், அப்புறம் 5 சதவீத அளவே ஆல்கஹால் உள்ள மொஸ்காட்டோ தாஸ்தி. இனிப்பு ஒயின் பிடிக்கும் என்று சொல்ல வெட்கப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் என்ன வெட்கம்? போர்தோவின் சோட்டர்ன் இனிப்பு ஒயின்தான், உலகத்தின் விலை உயர்ந்த வெள்ளை ஒயின்கள் சில அங்கிருந்துதான் வருகின்றன.

சிவப்பில், துவர்ப்பு ஆகாதவர்களுக்கு கமே (போஜொலே என்ற பெயரில் கிடைப்பது), பினோ நுவார், பார்பெரா. நடுவில் இருப்பவர்களுக்கு மெர்லோ, கிரனாஷ், டெம்ப்ரனீயோ. துவர்ப்பும் கனமும் வேண்டும் என்பவர்களுக்கு கபர்னே சோவின்யோன், சிரா, மால்பெக். சிரா என்பதும் ஆஸ்திரேலிய ஷிராஸ் என்பதும் ஒரே திராட்சை, ஆனால் ஷிராஸ் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் இன்னும் பழுத்த, கனத்த பாணி என்று எடுத்துக்கொள்ளலாம்.

லேபிளில் என்ன பார்ப்பது

ஐரோப்பாவின் பழைய ஒயின் பகுதிகளில் திராட்சைப் பெயரை அநேகமாகப் போடமாட்டார்கள், ஊர்ப் பெயர்தான் இருக்கும். ஒரு ஏழெட்டைத் தெரிந்துகொண்டால் காலம் தள்ளிவிடலாம். சாப்ளி என்றால் ஷார்டனே, வெள்ளை சான்செர் என்றால் சோவின்யோன் பிளாங்க், பர்கண்டி சிவப்பு என்றால் பினோ நுவார், பரோலோ என்றால் நெபியோலோ, கியாந்தி என்றால் பெரும்பகுதி சாஞ்சியோவேஸே, ரியோஹா சிவப்பு என்றால் பெரும்பகுதி டெம்ப்ரனீயோ. போர்தோ சிவப்பு கலவை. நதியின் இடது கரையில் கபர்னே தூக்கல், வலது கரையில் மெர்லோ தூக்கல்.

ஜெர்மன் ரீஸ்லிங் லேபிளைக் கண்டு ஓடுகிறவர்கள் அதிகம், அதனால் அதையே ஒரு உதாரணமாக எடுத்துப் படித்துப் பார்க்கலாம். பாட்டிலில் மோசெல் என்ற பகுதிப் பெயர், ரீஸ்லிங், கபினெட், அடியில் சின்ன எழுத்தில் 8.5 சதவீதம். கபினெட் என்பது திராட்சையைப் பறிக்கும்போது அதில் இருந்த சர்க்கரையை வைத்துக் கொடுக்கிற தரப்பெயர், ஒயின் இனிக்குமா என்பதை அது சொல்லாது. சொல்வது அந்த 8.5தான். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஆல்கஹால் ஒரு சதவீதம் ஏறும். முழுக்க நொதித்திருந்தால் 10, 11க்காவது போயிருக்க வேண்டிய சாறு 8.5இல் நிற்கிறது என்றால், மிச்ச சர்க்கரை உள்ளேயே இருக்கிறது, ஆகவே இனிக்கும். அதே அலமாரியில் அதே ரீஸ்லிங் 12 சதவீதம் போட்டு 'ட்ராக்கென்' என்ற சொல்லோடு இருந்தால் அது டிரை. எண்ணைப் பார்த்து இனிப்பை ஊகிக்கிற இந்த வித்தை மற்ற வெள்ளைகளுக்கும் ஓரளவு வரும்.

'ரிசர்வ்' என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். ஸ்பெயினின் ரியோஹாவில் 'ரெசெர்வா' என்று சிவப்பு ஒயினில் போட வேண்டுமானால் குறைந்தது 3 வருடம் முதிர வைத்திருக்க வேண்டும், அதில் ஒரு வருடமாவது ஓக்கில். அங்கே அது சட்டம். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு நாடு முழுமைக்கும் பொதுவான சட்ட வரையறை இல்லை, யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். கனமான பாட்டில், அடியில் ஆழமான குழி, கார்க் இல்லாமல் திருகு மூடி, இது எதுவும் உள்ளே இருக்கிற சரக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கிளாஸின் சுவரில் கோடு கோடாக வழிகிறதே, அதுவும் முக்கியமாக ஆல்கஹாலின் வேலை, தரத்துக்கு அடையாளம் இல்லை.

சாப்பாட்டோடு

"சிவப்பு இறைச்சிக்கு, வெள்ளை மீனுக்கு" என்ற விதி முழுப் பொய் இல்லை, ஆனால் பாதி நேரம் உதவாது. ஒரே கோழிக்கறியை எலுமிச்சை பிழிந்து செய்தால் ஒரு ஒயின், கிரீம் ஊற்றிச் செய்தால் ஒரு ஒயின், மிளகாயில் புரட்டிச் செய்தால் இன்னொரு ஒயின். கோழி மாறவில்லை, மாறியது அதன்மேல் இருக்கிறதுதான். ஆகவே தட்டில் எந்த மாமிசம் என்று பார்க்காதீர்கள், எந்தச் சுவை ஓங்கி நிற்கிறது என்று பாருங்கள்.

இதை நம்புவதற்கு ஒரு சோதனை இருக்கிறது, பத்து நிமிஷம்தான் ஆகும், இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைச் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். ஒரு தட்டில் எலுமிச்சைத் துண்டு, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சர்க்கரை, ஒரு துண்டு சீஸ், காரமான ஏதாவது ஒன்று. பக்கத்தில் இரண்டு கிளாஸ், ஒன்றில் புளிப்பான வெள்ளை, இன்னொன்றில் துவர்ப்பான சிவப்பு. வெள்ளையை ஒரு வாய் குடியுங்கள், எலுமிச்சையை நக்குங்கள், மறுபடி வெள்ளையைக் குடியுங்கள். முதலில் சுரீர் என்றிருந்த ஒயின் இப்போது சாதுவாக, இனிப்புகூட எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். அடுத்து தண்ணீர் குடித்துவிட்டு, சர்க்கரையைத் தொட்டு நாக்கில் வைத்து அதே வெள்ளையைக் குடியுங்கள். வெறும் புளித்தண்ணீர்! பழமெல்லாம் எங்கேயோ போயிருக்கும். இப்போது சிவப்புக்கு வாருங்கள். தனியாகக் குடித்தால் ஈறு உலரும். சீஸைக் கடித்து மென்றுவிட்டுக் குடித்தால் துவர்ப்பில் பாதி காணாது. உப்பைத் தொட்டுக்கொண்டு குடித்தால் கசப்பும் முரட்டுத்தனமும் தணியும். கடைசியாகக் காரம், பிறகு சிவப்பு. தொண்டை வரை எரியும், துவர்ப்பு இரண்டு மடங்காகத் தெரியும். ஒயினில் ஒன்றும் மாறவில்லை, வாய்தான் மாறியது, உணவுக்கு ஒயின் தேர்வு செய்கிற விதிகள் அநேகமாக எல்லாம் இந்தத் தட்டிலிருந்தே வந்துவிடும்.

புளிப்பான சாப்பாட்டுக்கு அதே அளவாவது புளிப்புள்ள ஒயின் வேண்டும், இல்லாவிட்டால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். தக்காளி சாஸ் ஊற்றிய பாஸ்தாவுக்கு கியாந்தி பொருந்துவது அதனால்தான், சாஞ்சியோவேஸேயின் புளிப்பு தக்காளிக்கு ஈடுகொடுக்கும். ஓக்கில் வைத்த கனத்த ஷார்டனேயை அதோடு வைத்தால் இரண்டும் கெட்டுவிடும்.

இனிப்புப் பண்டத்துக்கு ஒயின் அதைவிட இனிப்பாக இருக்க வேண்டும், குறைந்தது சமமாக. கேக்கோடு ப்ரூட் ஷாம்பெயின் என்பது விருந்துகளில் எல்லோரும் செய்கிற காரியம், இரண்டுமே நல்ல சரக்காக இருந்தாலும் சேர்ந்தால் ஷாம்பெயின் வெறும் புளிப்பாகிவிடும். டெமி செக் வாங்குங்கள், அல்லது கேக்கை வெட்டுவதற்கு முன்னாலேயே ப்ரூட்டைக் குடித்து முடியுங்கள். கறுப்புச் சாக்லேட் மாதிரி கனமான இனிப்புக்கு போர்ட் (ஆல்கஹால் கூட்டிய போர்ச்சுகல் இனிப்பு ஒயின்) இருக்கிறது.

காரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பெரும்பாலான ஒயின் ஆலோசனைகள் கைவிட்டுவிடுகின்றன. மிளகாயின் காரம் உண்மையில் சுவை இல்லை, சூட்டை உணர்கிற அதே நரம்பு ஏற்பியை அது தட்டி எழுப்புகிறது. ஆல்கஹாலும் அதே ஏற்பியைக் கிளறுகிறது. ஆக 14.5 சதவீத ஷிராஸை மிளகாய்க்கு மேலே ஊற்றினால் எரிகிற நெருப்பில் எண்ணெய்தான். காரத்துக்கு வேண்டியது ஆல்கஹால் குறைவு, துவர்ப்பு இல்லை, கொஞ்சம் இனிப்பு, நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். மேலே பார்த்தோமே அந்த 8.5 சதவீத ரீஸ்லிங், அது இதற்கென்றே செய்தது போலப் பொருந்தும். மசாலா வாசனை தூக்கலாக இருந்து மிளகாய் மிதமாக இருந்தால் கெவுர்ஸ்ட்ராமினர் என்ற வாசனையான வெள்ளையும் நன்றாக இருக்கும். சிவப்புதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறவர்கள் கமேயை ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ச்சியாகக் குடிக்கட்டும். எரிச்சல் ஏறினால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கிறது என்கிற ரகமும் உண்டு, அவர்களுக்கு இந்தப் பத்தி தேவையில்லை, ஷிராஸையே ஊற்றுங்கள்.

கொழுப்புக்கு இரண்டு வழி. சுட்ட மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி மாதிரி கொழுப்பும் புரதமும் சேர்ந்து வருகிறதற்குத் துவர்ப்பான சிவப்பு, டானின் எச்சிலை விட்டுவிட்டு அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், உப்பும் இருந்தால் இன்னும் நல்லது. பொரித்ததற்கும் கிரீம் சாஸுக்கும் புளிப்பு, அதுவும் நுரையோடு வந்தால் உத்தமம். உருளைக்கிழங்கு சிப்ஸோடு ப்ரூட் நுரை ஒயினைக் குடித்துப் பாருங்கள், இவ்வளவு சாதாரணமான பொருளுக்கு இவ்வளவு பொருத்தமான துணை வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

காளான், சோயா சாஸ், நாள்பட்ட சீஸ் இதிலெல்லாம் இருக்கிற உமாமி சுவை தந்திரமானது. உப்பு கூடவே இருந்தால் தொந்தரவில்லை, உப்பு குறைந்து உமாமி மட்டும் நின்றால் துவர்ப்பான ஒயினைக் கசப்பாக்கிவிடும். வேகவைத்த காளானைத் துவர்ப்பான சிவப்போடு சாப்பிட்டு முகம் சுளித்திருந்தால், ஒரு சிட்டிகை உப்பைத் தூவிவிட்டு மறுபடி சாப்பிட்டுப் பாருங்கள்.

மீனுக்குச் சிவப்பு ஆகாது என்பதில் பாதி உண்மைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒயினில் இருக்கிற இரும்புச் சத்துதான் மீனின் கொழுப்போடு சேர்ந்து அந்தக் கவிச்சி வாடையைக் கிளப்புகிறது. இரும்பு எல்லாச் சிவப்பிலும் ஒரே அளவில் இருப்பதில்லை, லேபிளிலும் போடமாட்டார்கள், அதனால் மீனுக்கு வெள்ளை என்பது பாதுகாப்பான பந்தயம். சால்மனைச் சுட்டுச் சாப்பிடும்போது பினோ நுவார் பலருக்கும் ஒத்துப்போகிறது, முயற்சி செய்து பார்க்கலாம்.

அப்புறம் கனம். லேசான சாப்பாட்டுக்கு லேசான ஒயின், கனமானதற்குக் கனமானது. ஆவியில் வெந்த மீன் எவ்வளவு அருமையாக இருந்தாலும் கனத்த ஒயின் பக்கத்தில் வந்தால் அங்கே மீன் இருந்ததே தெரியாது.

ஓர் ஊரின் சாப்பாட்டுக்கு அந்த ஊர் ஒயினே பொருந்தும் என்று ஒரு பேச்சு உண்டு. சான்செருக்குப் பக்கத்திலேயே செய்கிற ஆட்டுப்பால் சீஸோடு சான்செர், சிப்பியோடு அட்லாண்டிக் கரையோர மஸ்காடே, இதெல்லாம் உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஆனால் அதைப் பழங்காலத்து ஞானம் என்று நான் நினைக்கவில்லை. இத்தாலிச் சமையலின் அடையாளமான தக்காளியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்ததுதான். புளிப்புக்குப் புளிப்பு பொருந்தியது, அவ்வளவே.

மேசையில் பத்து விதம் இருந்தால் என்ன செய்வது? ஒவ்வொன்றுக்கும் பொருத்தம் பார்க்கப் போனால் பைத்தியம் பிடிக்கும். தொந்தரவு கொடுக்கக்கூடிய ஒன்றை மட்டும் கண்டுபிடியுங்கள், அநேகமாக அது காரமாகவோ இனிப்பாகவோ புளிப்பாகவோ இருக்கும், அதோடு சண்டை போடாத ஒயினை எடுங்கள். புளிப்பு நன்றாக இருந்து துவர்ப்பும் ஆல்கஹாலும் குறைந்தவை யாரோடும் ஒத்துப்போகும்: டிரை ரோஸே (இளஞ்சிவப்பு ஒயின்), ப்ரூட் நுரை ஒயின், கமே, பினோ நுவார். கூனைப்பூ (ஆர்ட்டிசோக்) மட்டும் விதிவிலக்கு, அதில் உள்ள சைனாரின் அடுத்து குடிக்கிற எதையும் ஒரு மாதிரி இனிப்பாக்கிவிடும். அன்றைக்குத் தண்ணீர் போதும்.

குளிர்ச்சி

சரியாகத் தேர்வு செய்த ஒயினைத் தப்பான சூட்டில் ஊற்றிக் கெடுப்பது ரொம்ப சகஜம். சிவப்பை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற பேச்சு குளிர்நாட்டு வீடுகளில், ஹீட்டர் வருவதற்கு முந்தைய காலத்து அறையை மனதில் வைத்துச் சொன்னது. 25 டிகிரிக்கு மேல் போனால் சிவப்பு ஒயினில் ஆல்கஹால் நெடிதான் மேலே நிற்கும். 15 முதல் 18 டிகிரி சரி, லேசான சிவப்புக்கு 12, 13கூட நன்றாக இருக்கும். வெள்ளைக்கு 8 முதல் 12, நுரை ஒயினுக்கு 6 முதல் 8. தெர்மாமீட்டர் எல்லாம் வேண்டாம். சிவப்பைக் குடிக்கிறதற்கு அரை மணி முன்னால் ஃபிரிட்ஜில் வையுங்கள், வெள்ளையைக் கால் மணி முன்னால் வெளியே எடுங்கள். அவசரமென்றால் ஐஸோடு தண்ணீரும் ஊற்றி அதில் பாட்டிலை இறக்குங்கள், வெறும் ஐஸைவிட வேகமாகக் குளிரும். ரொம்பக் குளிர்ந்துவிட்டால் வாசனை அடங்கிப்போய்த் துவர்ப்பு மட்டும் முறைக்கும். கிளாஸைக் கையில் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் சரியாகிவிடும்.

கேட்பதும் திருப்பிக் கொடுப்பதும்

கடைக்காரரிடமோ பரிமாறுகிறவரிடமோ "நல்ல ஒயின் எது?" என்று கேட்டால் அவருக்கு விற்க வேண்டியதுதான் வரும். "டிரை வேண்டும், புளிப்பு இருக்கலாம், துவர்ப்பு குறைவாக, 13க்குக் கீழே, எலுமிச்சையும் பூண்டும் போட்ட இறாலோடு" என்று சொல்லிப் பாருங்கள். விலை வரம்பையும் தயங்காமல் சொல்லுங்கள். பதில் உடனே மாறும்.

உணவகத்தில் முதலில் ஒரு வாய் ஊற்றிக் காட்டுவது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்க இல்லை, கெட்டிருக்கிறதா என்று பார்க்க. முகர்ந்தால் போதும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க்கில் டிசிஏ என்ற பொருள் ஏறியிருக்கிறது, உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் ஒயின் போய்விட்டது, தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். வினிகர் நெடியோ நெயில் பாலிஷ் நெடியோ அடித்தாலும் அப்படியே. அடியில் கண்ணாடித் தூள் மாதிரி மினுக்கினால் பயப்பட வேண்டாம், அது டார்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகம், குளிரில் உறைந்து இறங்கியது.

திறந்த பாட்டில் மிஞ்சினால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், சிவப்பாக இருந்தாலும். மூன்று நாள் தாங்கும், புளிப்பும் இனிப்பும் அதிகமானவை இன்னும் ஓரிரண்டு நாள். போர்ட் சில வாரங்கள்கூட நிற்கும். அதற்கும் மேலே போய் வாசனை மங்கிவிட்டதைச் சமையலில் ஊற்றலாம், ஆனால் வினிகர் வாடை அடிப்பதை ஊற்றாதீர்கள், துவர்ப்பு அதிகமான சிவப்பையும் யோசித்து ஊற்றுங்கள். சுண்டச் சுண்ட ஆல்கஹாலும் தண்ணீரும்தான் குறையும், புளிப்பும் துவர்ப்பும் சாஸிலேயே தங்கி இன்னும் தூக்கலாகும்.